அக்கா என்னிடம் மட்டும் சொல்லாதது

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், மருத்துவமனையில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். விளக்கப் போனால் வம்பு. மருந்து ஆய்வு என்று வாயைத் திறந்த மறு நிமிடமே, "அப்ப ஆளுங்கள வெச்சு சோதன பண்றீங்களா, எலி மாதிரி?" என்று ஒருவராவது கேட்பார். நான் பதில் சொல்லி, அவர் திருப்பிக் கேட்டு, இலையில் சாம்பார் ஆறிப்போகும். சுருக்கமாகச் சொன்னால், கெட்ட செய்தி சேகரிப்பதுதான் என் வேலை. புது மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கே வலிக்கிறது, எப்போது தலை சுற்றியது, வயிறு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டும். மருந்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. கெட்டதைக் கேட்டு வாங்கத்தான் எனக்குச் சம்பளம்.

அதைத்தான் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

இதற்கு முன்னால் நான் மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்தேன். படிப்பும் அதுதான். அங்கே ஒருவர் மாத்திரையை எடுத்துப் பையில் போட்டால், இன்னொருவர் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் அது சன்னலைத் தாண்டிப் போகும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரியாக இருந்தாலும் உன் கையை இன்னொரு கண் பார்க்க வேண்டும். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். எதிரே முப்பது பேர் எண் கூப்பிடக் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் நிதானமாக லேபிளை வாசித்துக்கொண்டிருந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தப் பினாங்கு ஜார்ஜ்டவுன் வெயிலில் வந்து நிற்பவர்களுக்கும் கோபம் வரும். இரண்டு கோபத்துக்கும் நடுவில் நின்று நின்று அலுத்துப்போய்த்தான் ஆய்வுப் பிரிவில் இடம் இருக்கிறது என்றதும் ஓடி வந்தேன்.

பிரிவின் தலைவர் ஒரு சீன டாக்டர் அம்மா. அதிகம் பேச மாட்டார். என் பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இரண்டு வருடம் சீனியர். என்னை எடுத்ததற்குக் காரணம் என் படிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வாரத்திலேயே டாக்டர் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டார். நம் தமிழ் நோயாளிகள் மலாயில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள், ஆங்கிலத்தில் கேட்டால் அதுவும் இல்லை, அதனால் உன் ஆட்களோடு நீ பேசு என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் பெருமைதான். என்னிடம் பேசுவார்கள், மனம் திறந்து பேசுவார்கள், பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தக் கொதிப்புக்கான ஒரு புது மாத்திரை அது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு கூடுதலாக ஒன்று. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் கேட்கிற விதம் மாறிவிடும், சொல்கிற விதமும் மாறிவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். மாத்திரை விஷயத்தில் எங்கள் கண்ணைக் கட்டியவர்கள் என் வாயைக் கட்ட மறந்துவிட்டார்கள்.

அக்கா என்று நான் கூப்பிடும் அந்த நோயாளி வந்து சேர்ந்தது அந்த ஆய்வில்தான். நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டம். கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அக்கா அங்குள்ள தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். ஐம்பதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு, கணீரென்ற குரல். காலையில் மோட்டார் சைக்கிளை நிபோங் திபால் ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு, பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து கடலைக் கடக்கப் பெர்ரி, பிறகு பஸ். இவ்வளவையும் தாண்டி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். மருந்தைப் பற்றி, ஆபத்தைப் பற்றி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதைப் பற்றியெல்லாம் நான் பக்கம் பக்கமாக விளக்கிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ இருக்கில்ல, அப்புறம் நான் எதுக்கும்மா வெலகப் போறேன்?" என்றார்.

அந்த வார்த்தை கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அப்போதே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நானோ மனம் குளிர்ந்துபோனேன்.

மாதா மாதம் வருவார். வெறுங்கையோடு வந்ததில்லை. வேகவைத்த கச்சான் கடலை, மரவள்ளிக்கிழங்கு சீவல், ஒருமுறை முருங்கைக்கீரை ஒரு கட்டு. வாங்கக்கூடாது என்பது விதி. சொன்னால், "என்னது, கீரைக்குக்கூடவா சட்டம்? சும்மா எடுத்துட்டுப் போ லா" என்பார். என் அம்மா பாயான் பாரு வீட்டில் அந்தக் கீரையைப் பருப்போடு ஆக்கி, இது யார் கொடுத்தது, நல்ல பிஞ்சுக் கீரை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா என்றேன். ஆய்வில் இருக்கும் நோயாளி என்று சொல்ல வாய் வரவில்லை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. வேலை நேரத்தில் வேலையை மட்டும் பார்க்கிற சாதி இல்லை என் வாய். அக்காவுக்குக் கை நரம்பு எளிதில் கிடைக்காது. ரத்தம் எடுக்க நேரமாகும். ஊசி குத்துகிறவரைக்கும் கதை பேசுவோம். எந்த மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றேன் என்பதுவரை அக்காவுக்குத் தெரியும். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள்தான் அதைச் சொன்னேன். அன்று காலையில் இரண்டு நோயாளிகள் இனி வர முடியாது என்று போன் பண்ணியிருந்தார்கள். எனக்கு எரிச்சல். "இப்படியே ஒவ்வொருத்தரா ஓடிப்போனா, வருசக் கடைசியில என் கான்டிரக்ட்ட புதுப்பிக்க மாட்டாங்கக்கா. நான் வீட்டுல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பாதி உண்மையும் இல்லை. பிரிவில் வேறு ஆய்வுகள் இருந்தன, என் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "என்னடிம்மா, அப்படியெல்லாமா பண்ணுவாங்க?" என்று கேட்டார். அப்போது ஊசி இறங்கியது, பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. நான் அதை மறந்தே போனேன். அக்கா மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என் தமிழ் நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அக்காவுடையது பளிங்கு மாதிரி. கோலாலம்பூரிலிருந்து ஆய்வை மேற்பார்வையிட வரும் அதிகாரி ஒவ்வொரு முறையும் எங்கள் கோப்புகளைப் புரட்டிப் பார்ப்பார். மலாய்த் தோழியின் நோயாளிகள் தலைவலி, கால் வீக்கம், இருமல் என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். என்னுடையதில் ஒன்றும் இருக்காது. அந்த அதிகாரி என்னைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்கு மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறதே என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. தோழியைப் பார்த்து, "என்ன, உன் ஆளுங்க மட்டும் எப்பப் பாத்தாலும் மூக்கால அழுறாங்க?" என்று கிண்டல்கூடச் செய்தேன். அவள் சிரித்தாள்.

நான் கேட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கேள்விகளை ஒவ்வொன்றாக, முழுதாகக் கேட்க வேண்டும். தலைச்சுற்றல் இருந்ததா, எழுந்து நிற்கும்போது கண் இருட்டியதா, விழுந்தீர்களா என்று. மற்றவர்களிடம் அப்படித்தான் கேட்டேன். அக்காவிடம் அப்படிக் கேட்பது ஏதோ போலீஸ்காரர் விசாரிப்பதுபோல எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால், "என்னக்கா, ஒன்னும் பிரச்சன இல்லையே?" என்று கேட்பேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் கேட்பதுபோல. அவரும் சொந்தக்காரர் சொல்வதையே சொல்வார், "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்." நான் எல்லாக் கட்டத்திலும் இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டே போவேன்.

ஒரு மாதம் அக்கா முழங்கை தாண்டி, மணிக்கட்டுவரை மூடிய மலாய் உடை, பாஜு குரோங் போட்டு வந்தார். எப்போதும் பஞ்சாபி சூட்டும் அரைக்கையும்தான். "என்னக்கா, புது ஸ்டைலா?" என்றேன். "பள்ளிக்கூடத்துல ஆசிரியர் தின விருந்து, நேரா அங்கதான் போறேன்" என்றார். ரத்த அழுத்தம் எப்போதும் இடது கையில்தான் எடுக்க வேண்டும். அன்று வலது கையை நீட்டினார். "இடதுல சட்ட ஏறாதும்மா, தையல் இறுக்கம்." நான் ஒரு கணம் தயங்கினேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள், மதியம் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. வலது கையில் எடுத்து, நோயாளியின் விருப்பம் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அளவு சரியாகவே இருந்தது. ஏன் இருக்காது? எங்களிடம் வரும் நாளில் மட்டும் காலை மாத்திரையை எங்களுக்கு முன்னால்தான் விழுங்க வேண்டும். அளவு எடுப்பது அதற்கு முன்பே. மாத்திரை என்ன செய்கிறது என்பது மற்ற நாள்களின் காலையில்தான் தெரியும். அந்தக் காலைகளில் நான் அங்கே இல்லை.

மாத்திரைப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டிருந்தார். நான் பாராட்டினேன்.

அடுத்த மாதம் அக்கா வீட்டில் பால் காய்ச்சினார்கள். தோட்டத்து வீட்டை விட்டுவிட்டு நிபோங் திபாலில் ஒரு தாமான் குடியிருப்பில் சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். நீ வராமல் பால் பொங்காது என்று அக்கா போனில் சொன்னார். ஆய்வில் இருப்பவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, என் நேரம், யார் கேட்பது என்று சேலையைக் கட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வாசலில் மாவிலை. உள்ளே சாம்பிராணிப் புகை. அக்கா பட்டுச்சேலையில் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன். இடது கை, முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கி, சில இடம் வெளுத்து, சில இடம் கறுத்து. ஆறிய தீக்காயம். பழையது இல்லை.

"இது என்னக்கா?"

"அட, எண்ண தெறிச்சிருச்சு லா. கேண்டின் வேலைன்னா இதெல்லாம் சகஜம். நீ வா, சாப்பிடு."

தெறித்த எண்ணெய் இப்படி இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்குள் பின்னால் நின்றிருந்த அவர் கணவர் பேசிவிட்டார். "தெறிச்சுச்சா? உங்ககிட்டயும் சொல்லலையா தங்கச்சி? கரிபாப் பொரிச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே மயக்கம் போட்டு அடுப்புமேலயே சாஞ்சிட்டா. நல்லவேளை, பக்கத்துல டீச்சர் ஒருத்தவங்க இருந்தாங்க. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி வெச்சிருந்தாங்க."

ஆய்வில் இருப்பவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் படுத்தால், தெரிந்த ஒரு நாளுக்குள் நாங்கள் அதை மேலே தெரிவிக்க வேண்டும். இது நடந்து வாரங்கள் ஆகியிருந்தன. அதற்கப்புறமும் அக்கா அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பாட்டிலைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அட்ட என்னாச்சு?" என்று கேட்டேன். ஆய்வில் சேரும்போதே எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுப்போம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். இவர் இன்ன மருந்து ஆய்வில் இருக்கிறார், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று போட்டிருக்கும். அந்த எண் என்னுடையது.

அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஆள் இல்லை. பால் பொங்கிய பானை இன்னும் அடுப்பிலேயே இருந்தது.

"அட்டையக் காட்டினா ஒனக்குப் போன் பண்ணுவாங்கல்ல?"

"அதுக்குத்தானேக்கா அந்த அட்டையே!"

"போன் பண்ணா என்னைய ஆய்விலேர்ந்து எடுத்துருவாங்க. ஒரு ஆளு கொறைஞ்சா ஒனக்கு வேல போயிரும்னு நீதான சொன்ன?"

நான் கத்திவிட்டேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புதுவீட்டில், பால் பொங்கிய அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விருந்துக்கு வந்தவர்கள் காதில் விழும்படி கத்தினேன். "உங்களுக்குப் பைத்தியமாக்கா? யாராவது உயிர விட்டு அடுத்தவங்க வேலயக் காப்பாத்துவாங்களா? அத வெளயாட்டுக்குச் சொன்னேன்!" அக்கா முகம் சுருங்கிப்போய்விட்டது. குழந்தையைத் திட்டினால் அது எதற்குத் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் நிற்குமே, அப்படி நின்றார். நான் யார்மேல் கத்தினேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாயைக் கொடுத்தது நான். காயம் பட்டது அவர் கையில். கோபமும் அவருக்கேவா கிடைக்க வேண்டும்?

சாப்பிடாமல் கிளம்பினேன். அக்கா கெஞ்சினார். "இன்னிக்கு யாருகிட்டயும் சொல்லாத, என்கிட்ட எதுவும் கேக்காத மாதிரி இருந்துடு." அக்காவுக்காக நான் செய்யாத ஒரே காரியம் அதுதான். அந்தத் தாமானின் முனையில் காரை ஓரமாக நிறுத்தி டாக்டருக்குப் போன் பண்ணினேன். முதலில் விழுந்தது, காயம், மருத்துவமனை என்று மட்டும் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டே வந்தார். இன்றிலிருந்து மாத்திரையை நிறுத்தச் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லையாம் என்று கேட்டார்.

மறைத்திருக்கலாம். நோயாளி மறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம், ஊர் நம்பும். ஒரு வினாடி அப்படியும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். கான்டிரக்ட் பற்றிச் சொன்னது, கீரை, பால் காய்ச்சும் வீடு, எல்லாம். டாக்டர் திட்டினால் பரவாயில்லை என்றிருந்தது. திட்டவில்லை. இனி அந்த நோயாளியிடம் கேள்விகளை வேறொருவர் கேட்கட்டும் என்றார். அவ்வளவுதான்.

திரும்பிப் போய் அக்காவிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். "அப்ப என்னைய வெட்டி விட்டுட்ட" என்றார். நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலை போகவில்லை. ஒரு கடிதமும் ஒரு பயிற்சி வகுப்பும்தான். வகுப்பில் சொன்னது எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், அதுதான் வேதனை. அந்த வாரமே என் தமிழ் நோயாளிகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு முதலிலிருந்து கேட்டேன். இந்த முறை முழுக் கேள்வியும், ஒன்றுவிடாமல். பாயான் பாருவில் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அங்கிள், நாலைந்து மாதமாகக் காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன் என்றார். "ஏன் அங்கிள் சொல்லல?" என்றேன். "நீ அவ்வளவு ஆசையா கேக்குற, எப்படி லா குத்தம் சொல்றது?" என்றார். போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். அக்கா மட்டும்தான் மறைத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருமே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இதே மாத்திரையை வேறு ஊர்களிலும் ஆட்கள் சாப்பிடுகிறார்கள். எல்லா இடத்துக் குறைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான், எழுந்து நிற்கும்போது கவனம் என்று அவர்களை எச்சரிப்பார்கள். பினாங்கிலிருந்து போன என் பளிங்குக் கோப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் இருந்தன. எங்கோ ஒரு ஊரில் யாராவது நம்பி எழுந்து நின்றிருப்பார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அக்கா சாப்பிட்டது மருந்தா வெற்று மாத்திரையா என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. வெற்று மாத்திரை என்று ஒருநாள் சொன்னாலும் எனக்கு ஆறுதல் வராது. மயங்கி விழுந்தவர் விழுந்தவர்தான், அதைச் சொல்லாமல் இருந்ததும் இருந்ததுதான்.

மாத்திரை நிறுத்திய பிறகு ஒருமுறை கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அக்கா வந்தார். இந்த முறை கையில் பை எதுவும் இல்லை. மலாய்த் தோழி அவரைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள். எங்கள் அறையை இரண்டாகப் பிரிப்பது ஒரு துணித் தடுப்புத்தான். நான் இந்தப் பக்கம் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

தோழி தாளை வைத்துக்கொண்டு மலாயில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. தலை சுற்றியதா ஆண்ட்டி?

"பெனிங், அடா" என்றார் அக்கா. சுற்றியது என்று. எத்தனை முறை என்று கேட்டாள். அடிக்கடி என்றார், எழுந்தால் எல்லாம் இருட்டு, செமுவா கெலாப். வாந்தி? உண்டு. நெஞ்சு படபடப்பு? உண்டு, படியேறினால். அக்காவின் மலாய் தோட்டத்து மலாய், உடைந்து உடைந்து வரும். ஆனால் ஒன்றையும் விடவில்லை. கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். சிற்றுண்டிச்சாலையில் விழுவதற்கு முன்னால் வேறு எப்போதாவது மயக்கம் வந்ததா என்று தோழி கேட்டாள்.

வந்தது என்றார். மோட்டாரில் போகும்போது. செம்பனை வரிசைக்கு நடுவே, தோட்டத்துச் சாலையில், திடீரென்று கண் தெரியவில்லை, மோட்டாரோடு கால்வாய்க்குள் போய் விழுந்தேன், சேற்றில் விழுந்ததால் பிழைத்தேன், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பின்னால் யாரும் உட்கார்ந்திருந்தார்களா என்று தோழி கேட்டாள். அன்று இல்லை என்றார். மற்ற நாள்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போவேன், அன்று அதற்குக் காய்ச்சல்.

என் கை விசைப்பலகைமேலேயே இருந்தது. என்ன அடித்தேன் என்று தெரியவில்லை. அந்த மாதம் அக்கா என் எதிரே உட்கார்ந்து எனக்கு மரவள்ளிச் சீவல் கொடுத்திருப்பார். நான் ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டிருப்பேன்.

முடித்துவிட்டு அக்கா தடுப்பைத் தாண்டி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இங்கதான் இருந்தியா? எல்லாம் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பிறகு தோழி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சிரித்தார். "அந்தப் புள்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது யாரு பெத்த புள்ளயோ. அதுக்கு வேல போனா எனக்கு என்ன வந்துச்சு?" சொல்லிவிட்டு, சட்டென்று என் முகத்துக்கு நேரே குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒனக்கு ஒன்னும் ஆவலையே?"

"ஒன்னும் ஆகலக்கா. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் ஒன்னும் ஆகியிருக்காது."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்ப நான் சும்மாதான் பொறுத்துக்கிட்டு இருந்தேனா?"

"ஆமாக்கா" என்றேன்.